பிஷப்புக்க பிள்ள

பேராயர் சூசைமிக்கேலுக்கு ஒரு ஆண்பிள்ளை உண்டு.

இந்தச் செய்தி போன ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பனங்கோட்டுவிளை விலக்கில் பஸ் ஏறியது. தக்கலை போய்ச் சேருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு இருபத்தெட்டு வயதாகியிருந்தது. இரணியல் ரெயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடையில் அதற்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. சாயங்காலம் மீன் வாங்கப் போன என் பெண்டாட்டி திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை துபாயில் ஏசி மெக்கானிக். அதே பிள்ளை, பிறந்த அன்றைக்கே செத்து, எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்து மூலையில் ரகசியமாகப் புதைக்கப்பட்டதாகவும் அதே மீன்கடையில் பேச்சு. செத்த பிள்ளை எப்படித் துபாயில் ஏசி ரிப்பேர் பார்க்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்படியெல்லாம் கேட்டால் பேச்சில் உப்பு இருக்காது.

இந்த ஆண்பிள்ளைச் சமாசாரத்தைக் கிளப்பிவிட்டவன் யார் என்பது கடைசியில் தானாக வெளியே வரும். அதுவரை பொறுங்கள். நான் சொல்லப்போவது நடந்த கதை. என் பெயர் கிருஷ்ணமணி. எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்து பார்த்தேன், அதற்கு மேல் அவர்களுக்கும் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை. சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். நாங்கள் அய்யாவழிக்காரர்கள், ஆனாலும் சூசையப்பர் கோவிலில் திருவிழா, கல்யாணம், கூட்டம் எதுவானாலும் என் மைக்செட்தான். இந்தக் கதை நடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் பிஷப்பின் கையில் இருந்தது என் மைக். அதன் வயரின் மறுமுனையில் இருந்தது நான். இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி உங்களுக்குக் கிடைக்க மாட்டான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். சூசைமிக்கேல் எங்கள் ஊர்ப் பனையேறி ஒருவரின் மூத்த மகன். பதினாலு வயதில் சாமியாருக்குப் படிக்கப் போனார். ரோமாபுரியில் திருச்சபைச் சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். வடக்கே, ரெயிலில் இரண்டு பகல் ஒரு ராத்திரி போக வேண்டிய ஒரு பெரிய நகரத்துக்குப் பேராயர் ஆனார். இருபத்திரண்டு வருஷம் அங்கே ஆண்டு, அங்குள்ளவர்களைப் பாடாய்ப் படுத்தி, அவர்களிடம் பாடாய்ப் பட்டு, எழுபத்தைந்து வயதில் ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். இப்போது எண்பத்துமூன்று. தம்பி மகன் வீட்டில் இருக்கிறார். தம்பி மகன் மஸ்கட்டில், அவன் மனைவி குளோரிதான் இவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள்.

வந்த முதல் திருவிழாவிலேயே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. பிரசங்கத்துக்கு நான் ஆசையாகக் கொஞ்சம் எக்கோ வைத்திருந்தேன். பிரசங்க மேடையில் நின்றபடியே, இரண்டாயிரம் பேர் கேட்க, என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே மைக்செட்டு, அந்த எக்கோவ எடு. நான் சொல்லுதது கடவுளுக்கு ஒரு தடவ கேட்டாப் போரும்."

அதுதான் ஆள். மனதில் இருப்பது அப்படியே வாய்வழியாக வரும், நடுவில் ஒரு வடிகட்டியும் கிடையாது. அவருக்கு வந்த அத்தனை வம்பும் இந்த ஒரு குணத்தால்தான். வடக்கே அவருக்கு இருபது வருஷம் கார் ஓட்டியவர் ஒரு தடவை இங்கே வந்து நாலு நாள் தங்கினார். அவரிடம் நான் டீ வாங்கிக் கொடுத்துக் கறந்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

அந்த நகரத்தில் ஒரு கோவிலில் மாதா சுரூபம் கண்ணீர் விட்டது. ஜனம் கூடியது. லாட்ஜுகளில் இடமில்லை. அந்தக் கண்ணீரைப் பஞ்சில் ஒற்றி எடுத்துப் போனவர்களுக்குச் சுகமானதாகவும் பேச்சு. பேராயர் போனார். சுரூபத்தின் முன்னால் அரை மணிநேரம் முழங்காலில் நின்று ஜெபித்தார். எழுந்து, ஏணி ஒன்று கேட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணி முடிந்த இடத்திலிருந்து தூணைக் கட்டிப்பிடித்து மேலே போய்விட்டாராம். பனையேறிக்குப் பிறந்தவருக்குத் தூண் என்ன, பனை என்ன? மேலே துருப்பிடித்த குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து மைக்கைப் பிடித்தார். அந்த ஊர்ப் பாஷையில்தான் சொன்னார், நான் நம்முடைய பாஷையில் எழுதுகிறேன்: "மாதா அழல்ல. குழாய் ஒழுகுது. பிளம்பர விளியுங்க." வெளியே வரும்போது கல் விழுந்தது. இடது புருவத்தின் மேல் இருக்கிற வடு அதுதான்.

இரண்டாவது, ஞானஸ்நானப் பதிவேடு. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையாக இருந்தாலும் ஞானஸ்நானம் கொடு, பெயர் கேட்டு அந்தத் தாயை நிறுத்தி வைக்காதே என்று எல்லாச் சாமியார்மாருக்கும் உத்தரவு போட்டார். பிடிக்காதவர்கள் நாற்பத்துமூன்று பக்கத்துக்கு மனு எழுதி ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். 'பேராயருக்கே அப்படி ஒன்று எங்கேயோ இருப்பதால்தான் இந்த உத்தரவு' என்று முப்பதாம் பக்கத்தில் ஒரு வரி உண்டாம். ரோமாபுரியில் கூப்பிட்டு மூன்று நாள் விசாரித்தார்கள். திரும்பி வந்தவரிடம் டிரைவர் தயங்கித் தயங்கி, அங்கே என்ன ஆயிற்று என்று கேட்டாராம். "மீன் குழம்புதான் கிட்டல்ல. பாக்கி எல்லாம் நல்லா இருந்து" என்றாராம். உத்தரவு அப்படியே நின்றது.

மூன்றாவதுதான் பெரிய கலகம். அதைச் சொல்ல ஒரு சொல்லை விளக்க வேண்டும். தெம்மாடி என்றால் போக்கிரி. பழைய நாளில் கல்லறைத் தோட்டத்துக்கு ஓரத்தில், ஒரு குட்டைச் சுவருக்கு அப்பால், மந்திரிக்கப்படாத மண் கொஞ்சம் விட்டிருப்பார்கள். தானாக உயிரை மாய்த்துக்கொண்டவர்கள், கோவிலோடு பிணங்கிப் போனவர்கள், ஞானஸ்நானம் பெறாமல் செத்த பச்சைப்பிள்ளைகள், எல்லோருக்கும் அங்கேதான் இடம். மணி அடிக்காது, சாமியார் வரமாட்டார், சிலுவை நடக்கூடாது. எங்கள் பக்கம் அதற்குத் தெம்மாடிக்குழி என்று பெயர். ஒரு நாள் வயதுப் பிள்ளை என்ன தெம்மாடித்தனம் செய்திருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள், பெயர் வைத்தது நானில்லை.

வடக்கேயும் வேறு பெயரில் இதே மூலைகள் இருந்தன. பேராயர் ஆன முதல் வருஷமே அத்தனை சுவரையும் இடிக்கச் சொன்னார். பதினோரு ஊரில் கேட்டைப் பூட்டி அவரை வெளியே நிறுத்தினார்கள். ஒரு ஊரில் கடப்பாரையை வாங்கி அவரே முதல் கல்லைப் பெயர்த்தார், அதற்குப் போலீஸ் கேஸ். பேப்பரில் கேலிப்படம்.

இதையெல்லாம் கேட்டு அவரைத் தேவதூதன் என்று எண்ணிவிடாதீர்கள். சுவர் விஷயத்தில் எதிர்த்து நின்ற ஒரு வயதான சாமியாரை, கோபத்தில், ஆஸ்பத்திரி இல்லாத ஒரு மலை ஊருக்கு மாற்றினார். அந்த வருஷக் குளிரிலேயே அவர் போய்ச் சேர்ந்தார். அந்தப் பக்கத்து ஜனங்கள் இவரை இன்னமும் மன்னிக்கவில்லை. நான் ஒருநாள் இதை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் மழுப்பவில்லை. "எனக்க குற்றந்தான். அவரு சுவருக்க இந்தப் பக்கம் கிடக்காரு, நான் எந்தப் பக்கம்ணு எனக்குத் தெரியாது" என்றார். வம்பு பேச ஆசையோடு போனவன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கெங்கேயோ சுவரை இடித்தவரின் சொந்த ஊரில், பனங்கோட்டுவிளையில், அந்தச் சுவர் அப்படியே நின்றது. இது வேறு மறைமாவட்டம், அவருக்கு இங்கே அதிகாரம் கிடையாது. அந்த வழக்கம் ஒழிந்து நாற்பது வருஷம் ஆகிறது, இப்போது யாரையும் அங்கே புதைப்பதில்லை. சுவர் மட்டும் இடுப்பளவு உயரத்தில் பாசி பிடித்து நின்றது. அதற்கு அப்பால் புதரும் ஒரு அயனிமரமும். பிஷப் தினமும் காலை நடை போகும்போது அந்தச் சுவர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். அயனிமர நிழலுக்கு நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். காலை ஆறு மணிக்கு எதற்கு நிழல் என்று யோசிக்கிற அளவுக்கு எங்களுக்குப் படிப்பு இல்லை.

அப்படியிருக்க, போன ஆவணியில் பங்குப் பேரவைத் துணைத்தலைவர் மரியஜானுக்கு ஒரு யோசனை வந்தது. மரியஜான் குவைத்தில் இருபத்தாறு வருஷம் இருந்து வந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் எங்கே காலி மண்ணைப் பார்த்தாலும் அவருக்குப் பேவர் பிளாக் பதிக்கத் தோன்றும். தன் வீட்டுத் தென்னைமரத்தைச் சுற்றிப் பதித்ததில் மரத்துக்கு மூச்சு முட்டி அது காய்ப்பை நிறுத்திவிட்டது. கோவிலில் கல்யாணம் என்றால் கார்கள் தக்கலை ரோடு வரை நிற்கின்றன, அது உண்மை. ஆகவே கல்லறைத் தோட்டத்து மூலையை நிரவி, பேவர் பிளாக் பதித்து, கார் பார்க்கிங் ஆக்குவது என்று பேரவையில் தீர்மானம். இரண்டு லாரி பிளாக் வந்து இறங்கியும் விட்டது.

முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அபினேஷ் இதை அறிவித்தார். அவருக்கு முப்பத்தொரு வயது. கீழே முதல் பெஞ்சில் ஒரு பேராயர் உட்கார்ந்திருக்கிற கோவிலில் அறிவிப்பு வாசிப்பது என்றால் எப்படி இருக்கும்? பாவம், தினமும் பரீட்சை எழுதுகிற முகம். அவர் வாசித்து முடிப்பதற்குள் பிஷப் எழுந்து கையை நீட்டினார். நான் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அங்க ஒண்ணும் பதிக்கப்பிடாது. எனக்க பிள்ள அங்க கிடக்குது. நான் செத்தா என்னையும் அந்தப் பிள்ளைக்கப் பக்கத்துலதான் போடணும்."

மைக்கை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்து அந்தக் கோவிலில் குழந்தைகள் கூட அழாமல் இருந்தது அன்றைக்குத்தான். வடக்கே பேராலயத்துக்குள், சலவைக்கல் போட்டு, அவருக்கென்று கல்லறை தயாராக இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தெம்மாடிக்குழியைக் கேட்கிறார். அதுவும் எனக்கப் பிள்ளை என்கிறார்!

எங்கள் பக்கம் பிள்ளை என்றால் பெற்ற பிள்ளையும் பிள்ளைதான், தங்கச்சியும் பிள்ளைதான், அடுத்த வீட்டுக்காரியும் பிள்ளைதான். ஆனால் ஊர் வாய்க்கு அதில் எது ருசியோ அதைத்தானே எடுத்துக்கொள்ளும்? மறுநாள் ஏழரை பஸ்ஸில் என்ன ஏறியது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க ஊரில் இரண்டு கட்சி. 'இவரை இனி முதல் பெஞ்சில் உட்கார விடக்கூடாது' என்று ஒன்று. 'எண்பத்துமூன்று வயதில் மறைக்காமல் சொன்னாரே, அதுவே பெரிய காரியம்' என்று மற்றொன்று. பிள்ளை உண்டு என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை. அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு ஊர்க்கூட்டம் கூட்டி முடிவெடுப்பது என்று மரியஜான் நோட்டீஸ் ஒட்டினார். அந்த மண் பிஷப்புக்கா, காருக்கா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை குளோரி என்னைக் கூப்பிட்டாள். பிஷப்பின் ரேடியோ பாடவில்லை. நான் முற்றத்தில் உட்கார்ந்து அதைத் திறந்து போட்டிருந்தேன். அவர் பக்கத்தில் பயறு உரித்துக்கொண்டிருந்தார். குளோரி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"பெரிய மாமா, எனக்கு மீன்காரிக்க முன்ன தல காட்ட முடியல்ல. 'உங்க பிஷப்புக்கப் பையன் துபாயிலயாமே, நம்பர் கிட்டுமா, எனக்க மவனுக்கு ஒரு விசா வேணும்'ணு கேக்கா!"

பிஷப் ஒரு பயற்றை உரித்து முடித்தார். "நம்பர் இல்லேண்ணு சொல்லு."

"தமாசு இல்ல மாமா. அது ஆருக்கப் பிள்ள? என்ன காரியம்? நீங்க ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?"

"கேட்டாச் சொல்லுவேன், மக்கா. அஞ்சு நாளாச்சு. ஊரு பூரா பேசுது, எனக்கிட்ட ஒருத்தன் வந்து கேக்கல்லியே."

"இப்பம் நான் கேட்டேனில்லியா?"

"நீ கேட்டது மீன்காரிக்காக. ஞாயிற்றுக்கிழம கேக்குதவன் அந்த மண்ணுக்காகக் கேப்பான். அவனுக்குச் சொல்லுதேன்."

நான் ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கிறார் என்று பிடரியில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோவில் முற்றத்தில் பந்தல். திருவிழாவுக்கு வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். இரணியலிலிருந்தும் ஆள். மரியஜான் கார் பார்க்கிங்கின் அவசியத்தைப் பத்து நிமிஷம் பேசினார். பிறகு பிஷப் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆண்டவரே, நாங்க மரியாதக் குறவா ஒண்ணும் கேக்கல்ல. அந்த எடம் மந்திரிக்காத மண்ணாக்கும். அங்கின ஒரு பேராயர அடக்கம் பண்ணினா நாளைக்கு நாலு பேரு எங்களக் கேப்பான். பின்ன... பிள்ளைண்ணு சொன்னிய. அது ஆருக்கப் பிள்ள? கேக்க எங்களுக்கு உரிமை உண்டுமா?"

"உண்டு" என்றார் பிஷப். "கேட்டியே, அது நல்லது."

மைக்கை வாங்கினார். எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே பேசினார்.

"எனக்குப் பதினொண்ணு வயசு. சித்திர மாசம். கெணறு வத்திக் கிடந்து. அப்பன் பனையில. அம்மைக்கு மாசம் தெகையாம நோவு கண்டுட்டு. வயத்தாட்டி வந்தா. பிள்ள பிறந்து, அழல்ல. நீலமாட்டு கிடந்து. அம்மைக்கு ரத்தம் நிக்கல்ல, வயத்தாட்டிக்கு அதப் பாக்கதுக்கே ரெண்டு கை போராது. 'லே, இதப் பிடி'ண்ணு பிள்ளைய எனக்கக் கையில தந்தா. நான் பூசைக்கு உதவுத பய. ஆபத்து நேரத்துல ஆரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம்ணு உபதேச வகுப்புல படிச்சிருக்கேன். குடத்த சரிச்சுப் பாத்தேன். ஒரு துள்ளி வெள்ளம் இல்ல."

எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்குப் பெயரே வெள்ளம்தான். சொம்பில் இருந்தாலும் வெள்ளம், ஆற்றில் வந்தாலும் வெள்ளம். பதநீருக்குப் பெயர் அக்கானி.

"அடுப்புக்கப் பக்கத்துல காலையில இறக்கின அக்கானி இருந்து, கருப்பட்டிக்குக் காய்ச்சதுக்கு. ஒரு சிரட்ட கோரினேன். என்ன பேரு விடணும்ணு ஓர்ம வரல்ல. 'பிள்ளே'ண்ணு விளிச்சு, 'பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துக்க நாமத்தினால நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கேன்'ணு சொல்லி, தலையில விட்டேன். அது மொகத்துல ஒழுகி வாயில வந்துது. நாக்க நீட்டி நக்கிச்சு."

மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அது இந்த உலகத்துல தின்னது அவ்வளவுதான். அப்பன் பனையில இருந்து இறங்கதுக்கு முந்தி எனக்க மடியில போயிட்டுது."

முன்வரிசையில் யாரோ சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் வால்யூமைக் குறைக்கவா கூட்டவா என்று தெரியாமல் குமிழில் கையை வைத்தபடி இருந்தேன்.

"பெரிய சாமியாருக்கிட்ட போனோம். ஞானஸ்நானம் ஆச்சாண்ணு கேட்டாரு. நான் குடுத்தேன் சாமீண்ணு சொன்னேன். எனக்கத் தோளத் தட்டினாரு. பதிவேட்ட எடுத்தாரு, பேனா எடுத்தாரு. எழுதப்போற நேரத்துல கேட்டாரு, 'வெள்ளம் விட்டுத்தானே குடுத்தே?' நான் சொன்னேன், 'வெள்ளம் இல்ல சாமி, அக்கானி'. பேனாவக் கீழ வச்சாரு. என்னையே பாத்தாரு. பின்ன ஒருதடவ மெதுவா கேட்டாரு, 'நல்லா ஓர்மிச்சுச் சொல்லு மக்கா. வெள்ளந்தானே?'"

பிஷப் எங்களைப் பார்த்தார்.

"நல்ல மனுசன். எனக்கு வழி விட்டாரு. எனக்கு அது மனசிலாவல்ல. 'இல்ல சாமி, அக்கானி'ண்ணு ரெண்டாமதும் சொன்னேன். அவரு கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பதிவேட்ட மூடினாரு. பிள்ளையத் தெம்மாடிக்குழியில வச்சாவ. மணி அடிக்கல்ல. குழிக்கு மண்ணு தள்ளினது அப்பனும் நானும். அம்மை ஒரே ஒரு தடவ எனக்கிட்ட கேட்டா. 'வெள்ளம்ணு ஒரு வாக்கு சொல்லியிருந்தா உனக்க நாக்கு அழுவிப் போயிருக்குமால?' சாகுதது வரைக்கும் பின்ன அதப்பத்தி அவ பேசல்ல."

ஒரு சொல். ஒரே ஒரு சொல். நான் ஒரு நாளைக்கு அப்படி நாற்பது சொல்லை மாற்றிச் சொல்கிறவன், டீக்கடையில் உட்கார்ந்தால் நானூறு. அந்த ஒரு சொல்லை மாற்றத் தெரியாமல் ஒரு ஆள் எழுபத்திரண்டு வருஷம் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். குழாய் ஒழுகுவதைப் பார்த்தவர் ஏன் மாதா அழுகிறாள் என்று விட்டுவிடவில்லை, எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஏன் கடப்பாரை கேட்டார் என்பதெல்லாம் எனக்கு அந்தப் பந்தலில், ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் குந்தியிருந்தபோதுதான் விளங்கியது.

மரியஜான் ஆனாலும் விடவில்லை. "ஆண்டவரே, நீங்க ரோமையில படிச்ச ஆளு. அக்கானிய வெள்ளம்ணு எடுத்துக்கிட முடியாதா? அப்பிடி ஒரு வாக்கு நீங்க சொன்னா, அந்தப் பிள்ளைய இப்பம் நல்ல மண்ணுக்கு மாத்திக்கிடலாம். எடமும் காலியாயிடும்."

எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். எழுபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் ஒருத்தர் அவருக்கு வழி விடுகிறார். ஆம் என்று சொன்னால் போதும்.

"மரியஜானு, நான் ரோமைக்குப் போனதே அத அறியதுக்குத்தான். நாலு வருசம் படிச்சேன். நானூறு பக்கம் எழுதினேன். அக்கானி வெள்ளம் ஆவாது. பெரிய சாமியாரு சொன்னது சரி. அத எனக்கக் கையால எழுதித்தான் எனக்கு டாக்டர் பட்டம் கிட்டிச்சு."

பந்தலில் ஒரு பெருமூச்சு ஓடியது.

"ஆனா அந்த நானூறு பக்கத்துல ஒரு எடத்துலயும் சுவரு கெட்டணும்ணு இல்ல. கடவுளு வெள்ளம் வேணும்ணு சொன்னாரு. சுவரு வேணும்ணு அவரு சொல்லல்ல, அது நம்ம கெட்டினது. எனக்கப் பிள்ளைய இந்தப் பக்கம் மாத்தாண்டாம். என்னைய அந்தப் பக்கம் போடுங்க. பேராயரு கிடக்குத மண்ணு தெம்மாடி மண்ணா நல்ல மண்ணாண்ணு நீங்களே தீருமானிச்சுக்கிடுங்க."

மைக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் எழுந்தார். என்னை எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் நிறுத்தி வைத்தவரே அவர்தான். ஊரில் அவருக்குப் பயப்படாதவர் கிடையாது. நான் கார்ட்லெஸ் மைக்கோடு ஓடினேன். "எனக்கத் தம்பி அங்க கிடக்கான்" என்றார். "அறுவத்தொம்பதுல. சீக்குல போனாண்ணுதான் இதுவர எல்லாருக்கிட்டயும் சொல்லியிருக்கேன். அது இல்ல." உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ஒரு மீன்காரர் கை தூக்கினார். பிறகு ஒரு தாயும் மகளும். ஒவ்வொருவருக்கும் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்து எனக்குக் கால் ஓய்ந்தது. ஊரில் பாதி வீட்டுக்கு அந்த மூலையில் ஆள் இருந்தது. வீட்டுக்கு ஒரு பொய்யும் இருந்தது. ஊர்க்கதை அத்தனையும் எனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியில் மரியஜான் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கச் சித்தியும் அங்கதான்" என்றார் மைக் இல்லாமலேயே. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பம் இந்த ரெண்டு லாரி பிளாக்க நான் என்ன செய்யட்டு?" என்று கேட்டார்.

"கேட்டுல இருந்து அந்த மூலைக்கு வழி போடு" என்றார் பிஷப். "மழைக்குச் சகதி. எனக்கப் பெட்டியச் சுமக்குதவன் வழுக்கி விழப்பிடாது."

அழுதுகொண்டிருந்த பந்தல் சிரித்துவிட்டது. அபினேஷ் சாமியார் தீர்மானத்தை வாசித்தார், ஒரு கை கூட எதிராக எழவில்லை. யாரோ கடப்பாரை கொண்டுவந்தார்கள். சாமியார் அதை மரியாதையாகப் பிஷப்பிடம் நீட்டினார். பிஷப் வாங்கவில்லை, மரியஜானைக் காட்டினார். பழைய சுண்ணாம்புச் சுவர், நாலு அடிக்கு மேல் தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மண்ணும் ஒரே மண்.

கூட்டம் கலைந்தது. நான் சுவர் இருந்த பக்கமாகப் போட்டிருந்த ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். குளோரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அயனிமரத்தின் கீழே போட்டாள். பிஷப் அதில் உட்கார்ந்து, பக்கத்து மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தேன்.

"ஏலே மணி, இஞ்ச வா."

போனேன்.

"போன திங்களாழ்ச்ச பால் சொசைட்டியில வச்சு, பிள்ள ஆணா பெண்ணாண்ணு ஒருத்தன் உனக்கிட்ட கேட்டானாமே. நீ என்ன சொன்னே?"

"ஐயா... அது... மைக்செட்டுக்காரனுக்குத் தெரியாம இருக்குமாண்ணு கேட்டானுவ. தெரியாதுண்ணு சொன்னா எனக்கக் கௌரவம் என்னாவும்? ஆணாத்தான் இருக்கும்ணு... சும்மா ஒரு வாக்கு..."

திட்டுவார் என்று நின்றேன். அவர் மண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆண்பிள்ள இல்லலே. பெண்பிள்ள."